செண்பகவல்லி கடைந்த செண்டை

இடது தோளில் வலி தொடங்கியபோது செண்பகவல்லி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சும்மா இருக்கச் சொல்வார்கள். சும்மா இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வராத காரியம்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். கொழுந்து பறிக்கப் போன நாட்களில், தன் வரிசையைப் பாதியில் விட்டு அடுத்தவள் வரிசைக்குத் தாவிவிடுகிறாள் என்று தினமும் ஏச்சு வாங்கினாள். மலை இறங்கித் திருவனந்தபுரம் வந்தபின் முதலில் ஒரு துணிக்கடை. நாள் முழுக்க மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதால் அதை விட்டாள். பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை கூட்டினாள். எதிரே இருந்த ஓட்டலில் டீ மாஸ்டராக நின்ற பிச்சைக்கனியைக் கல்யாணம் செய்துகொண்டது அங்கிருந்துதான். அவர் சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். இடி விழுந்தாலும் நிதானமாகத் திரும்பிப் பார்ப்பவர். இவள் எப்படி அவரிடம் ஒட்டினாள் என்று லாட்ஜில் எல்லோரும் கேட்டார்கள். அவர் டீ ஆற்றும்போது கை ஓயாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று அவள் சொன்னாள்.

கடைசியாக நேமத்தில் ஒரு கடைசல் பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்கப் போனாள். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கால், வீட்டு முகப்புக்கு வைக்கும் பெரிய மரத்தூண், எல்லாம் அங்கே கடைந்து கொடுப்பார்கள். முதலாளி ஞானசிகாமணி, பாறசாலைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மரத்தூள் படிந்த கண்ணாடியோடு இருப்பவர். லேத்தில் நிற்கிறவன் ஒருநாள் வரவில்லை. அவசர வேலை. செண்பகவல்லி கேட்காமலே உளியை எடுத்தாள். சுற்றுகிற மரத்தில் உளி பட்டதும், அதுவரை வாழ்க்கையில் எங்கேயும் நிற்காத அவள் கை நின்றது. மரம்தான் சுற்றுகிறதே, அவள் வேறு எதற்குச் சுற்ற வேண்டும்? அன்றிலிருந்து லேத்து அவளுடையதாயிற்று.

ஆனால் கைதான் நின்றது. கால் நிற்கவில்லை. அந்தக் காலுக்குப் போக்கிடமாக அமைந்தது சிங்காரி மேளம்.

நேமத்து வாசகசாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஜினி என்ற பெண் மகளிர் செண்டைக் குழு ஒன்று நடத்தினாள். செண்பகவல்லியைவிட வயதில் இளையவள் என்றாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், நகைக்கடை திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். தோளில் செண்டையைத் தொங்கவிட்டு, அடித்துக்கொண்டே ஆட வேண்டும். ஆடிக்கொண்டே நடக்க வேண்டும். முதல்நாள் செண்டையை மாட்டிக்கொண்டபோதே இதை விடமாட்டோம் என்று செண்பகவல்லிக்குத் தெரிந்துபோயிற்று. சில வருடங்களில் முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

அந்தத் தோளில்தான் வலி. செண்டையின் உடல் ஒரே பலாத்தடியைக் குடைந்து எடுத்தது. ஒரு சிறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் துள்ளுவதுபோல அதன் பாரம். முதலில் வலி நிகழ்ச்சிக்கு மறுநாள் மட்டும் வந்தது. பிறகு தலை சீவக் கை தூக்கினால் வந்தது. கடைசியில் ஒரு காலையில் சட்டையின் கையை மாட்ட முடியாமல் நின்றபோது மகள் ஆர்ஷா பார்த்துவிட்டாள். நர்சிங் படிக்கிற பெண். அவளே இழுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி அந்தத் தோளில் பாரம் ஏற்றக் கூடாது என்றார் டாக்டர்.

“அப்பம் செண்டைய விட்ரு” என்றார் பிச்சைக்கனி. “லேத்து வேல இருக்குல்லா? அது போதாதா?”

“லேத்துல கேக்குற சத்தம் மோட்டாருக்கு உள்ளதுங்க. என்னோடது இல்ல.”

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவளுக்குச் சோற்றைப் போட்டு முன்னால் தள்ளிவைத்தார். அவள் நின்றுகொண்டே தின்றாள்.

“அம்மே, ஒண்ணு இரிக்காமோ?” என்று உட்காரச் சொன்னாள் ஆர்ஷா.

ஜினியிடம் விஷயம் போனதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை. “சேச்சி இனி இலத்தாளம் எடுத்தா மதி, அது போதும்” என்றாள். இலத்தாளம் என்றால் கைத்தாளம். பின்வரிசையில் நின்று தட்ட வேண்டியது. செண்பகவல்லியின் செண்டை ரெஷ்மா என்ற புதுப்பெண்ணுக்குப் போகும் என்றும் அவளே சொன்னாள். சொன்னதில் கோபமோ வெறுப்போ இல்லை. குழு நடத்துகிறவள் சொல்லக்கூடியதைத்தான் சொன்னாள். அதனாலேயே செண்பகவல்லியால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அவள் முதல்முறையாகத் தாளத்தோடு நின்றாள். மேளம் சூடு பிடித்ததும் அவள் கால் தானாக முன்னே போயிற்று. முன்வரிசைக்காரி ஒருத்தியின் முதுகில் போய் முட்டி, தாளம் கை நழுவித் தார் ரோட்டில் உருண்டு, மாப்பிள்ளை வீட்டுக் காரின் அடியில் போய் நின்றது. ஜினி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை ஊர் திரும்பும் வழியெல்லாம் செண்பகவல்லியின் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு பட்டறையிலும் அவளால் நிலைகொள்ள முடியவில்லை. ஒரு கட்டில் காலைக் கடைந்து முடிப்பதற்குள் வாசலுக்கு இருமுறை போய் வந்தாள். அப்படிப் போன ஒரு தடவை, வாசலருகே சாய்த்துவைத்திருந்த முகப்புத் தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்து நின்றவள், பின்னால் கைவிட்டு விரல் முட்டியால் தட்டினாள். தட்டுவது அவள் பழக்கம். கதவு, பாத்திரம், பஸ் சீட்டின் கம்பி எதையும் விடமாட்டாள். தூண் ‘ணொங்’ என்றது. அவள் திரும்பி நின்று மறுபடி தட்டினாள்.

முகப்புத் தூண்கள் முழு மரமல்ல. நீளநீளமான சட்டங்களின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி, பீப்பாய்போல வட்டமாக அடுக்கி ஒட்டி, பிறகு லேத்தில் ஏற்றி உருட்டுவார்கள். உள்ளே பொள்ளல். ஒற்றை ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். எத்தனையோ தூண்களை அவளே கடைந்திருக்கிறாள். இத்தனை நாள் அதைத் தூண் என்றே பார்த்துவந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அண்ணாச்சி, இதுபோலத் துண்டு துண்டா ஒட்டி ஒரு செண்டை செஞ்சா என்ன?”

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செண்டைக்க மரம் ஒத்தத் தடியாக்கும் பிள்ளே. ஒட்டு மரத்துல நாதம் நிக்காது.”

“ஒத்தத் தடிய மெலிசாக் குடைஞ்சா வெடிச்சிரும், அதான கனமா விடுதாங்க? ஒட்டு மரத்த மெலிசாக் கடையலாம்லா. பாரம் பாதி கொறையும்.”

“பாரம் கொறையும். நாதம்?”

“செஞ்சாத்தான தெரியும்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். “செய்து பாரு. வேலை கழிஞ்ச பொறவு. மிச்சத் துண்டு எடுத்தா மதி.”

அன்றைக்கே பலாமரத்து மிச்சத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் அறுத்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் தன்னிடமிருந்த செண்டையைப் பிரித்தாள். இதில்தான் அவள் அவசரம் அவளைக் காலை வாரியது. செண்டையின் இரண்டு முகத்திலும் வளையத்தில் இழுத்து ஒட்டிய தோல் இருக்கும். அந்த வளையங்களைக் கயிறு போட்டு உடலோடு இறுக்கியிருப்பார்கள். புது உடலுக்கு இந்தத் தோல்களே போதும் என்பது அவள் கணக்கு. முடிச்சு அவிழவில்லை. கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டு, அரிவாள்மணையில் கயிற்றைக் கொடுத்து அறுத்துவிட்டாள். புது உடல் இன்னும் ஒட்டக்கூடப் படவில்லை. பழையது தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. அது அவளுடையதும் அல்ல, குழுவினுடையது.

மறுநாள் சட்டங்களை ஒட்டிக் கயிற்றால் சுற்றி இறுக்கினாள். தூண் ஒட்டினால் ஒரு வாரம் தொடக்கூடாது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே செண்பகவல்லிதான். ஆனாலும் அடுத்த நாள் காலையில் பசையை நகத்தால் கீறிப் பார்த்தாள். காய்ந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு முனையிலும் வட்டப் பலகை அடைத்து லேத்தில் ஏற்றினாள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. மூலைகள் தேய்ந்து, பலாவின் மஞ்சள் சுருள் சுருளாக உதிர்ந்து, கரடுமுரடாக இருந்தது உருண்டு வந்தது. ஞானசிகாமணிகூட டீ கிளாஸோடு எழுந்து பார்க்க வந்தார். அவள் உளியை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஒரு சட்டம் கழன்றது. கழன்றதை அவள் கண் பார்க்கவில்லை. காற்றில் ஏதோ போனது தெரிந்தது. ஞானசிகாமணியின் காதோரமாகப் போய், கூரை ஷீட்டைப் பிளந்துகொண்டு வெளியே விழுந்தது. மற்றச் சட்டங்கள் லேத்தின் அடியில் சிதறின.

ஞானசிகாமணி நடந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். டீ வேட்டியில் சிந்தியதை அவர் கவனிக்கவில்லை.

“அண்ணாச்சி…”

“வீட்டுக்குப் போ.”

“நான் இத…”

“செண்பகம், வீட்டுக்குப் போன்னு சொன்னேன்.”

வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. இருந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டாள். கரமனை ஆற்றங்கரையில் நடந்தாள். தம்பானூர்வரை நடந்து, பிச்சைக்கனி நிற்கும் ஓட்டல் வாசலில் கொஞ்சநேரம் நின்று, உள்ளே போகாமல் திரும்பினாள். ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் அந்த மனிதர் இப்போது எங்கே இருப்பார் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் நடை வேகமானது. படுத்தாலும் உள்ளங்காலில் மோட்டாரின் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடைய இந்தப் பரபரப்பை அவள் அதுவரை ஒரு குறையாக நினைத்ததில்லை. மற்றவர்கள்தான் மந்தம் என்று நினைத்திருந்தாள். முதல்முறையாக அது அவளைப் பயமுறுத்தியது.

இதற்கு நடுவில் ஜினி கூப்பிட்டாள். வரும் ஞாயிறு பயிற்சிக்குச் செண்டையைக் கொண்டுவந்து ரெஷ்மாவிடம் கொடுக்க வேண்டும். வித்துராவில் கோயில் திருவிழா நெருங்குகிறது.

செண்பகவல்லி வெறுங்கையோடு மைதானத்துக்குப் போனாள்.

“சேச்சி, செண்டை எவிடே?”

“பிரிச்சிட்டேன் டீச்சர். கயித்த அறுத்துட்டேன்.”

பெண்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ரெஷ்மா தரையைப் பார்த்தாள். ஏன் என்று ஜினி கேட்க, செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். தூணைப் பற்றி, சட்டங்களைப் பற்றி, கூரையைப் பற்றிக்கூட.

ஜினி கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, “வித்துராவுக்கு முன்னாடி கடைசி ப்ராக்டீஸ் உண்டு” என்றாள். “அன்னைக்கு இங்க ஒரு செண்டை வேணும். பழசோ புதுசோ, எனிக்கு அறிய வேண்டா. இல்லேங்கில் சேச்சி பின்னே இந்தப் பக்கம் வர வேண்டா.”

மறுநாள் விடிந்ததும் அவள் பட்டறைக்குப் போனாள். ஞானசிகாமணி ஏணி போட்டுக் கூரையில் புது ஷீட் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கும்வரை ஒன்றும் பேசாமல் நின்றது அவளைப் பொறுத்தவரை பெரிய காரியம்.

“இன்னொரு தடவ ஒட்டட்டுமா அண்ணாச்சி? நீங்க சொல்லுற அன்னைக்குத்தான் லேத்துல ஏத்துவேன்.”

“உன்னக் கொண்டு ஆவாது. நீ தொட்டுப் பாப்ப. கீறிப் பாப்ப.”

“இங்க இருந்தாத்தான தொடுவேன். நான் ஊர்லயே இருக்க மாட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சட்டம் அறுக்கும்போது கூட நின்றார். ஓரச்சாய்வு ஒன்றோடொன்று மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பொருந்தாததைத் தள்ளினார்கள். பசை தடவி அடுக்கி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி வாராக்கி அதனால் சுற்றி இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் கை கழுவிக்கொண்டு, செண்பகவல்லி நேரே தம்பானூர் போய் போனக்காட்டு பஸ்ஸில் ஏறினாள்.

அங்கே அவளுடைய அக்காள் செல்வமணி மட்டும் லயத்தில் இருந்தாள். தங்கை எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “பசை காயுறதுக்காடி மலையேறி வந்த?”

முதல்நாள் செண்பகவல்லி அக்காள் வீட்டைக் கழுவினாள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டையும் கழுவப் போனாள். மூன்றாம் நாள் கிளம்பிவிடுகிறேன் என்று பையை எடுத்தாள். செல்வமணி பையைப் பிடுங்கி உள்ளே போட்டாள். “இருக்க முடியலன்னா நட. நடக்க இடத்துக்கு இங்க என்ன குறைச்சல்?” என்று விறகுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காளும் தங்கையும் மேட்டில் ஏறி, இறங்கி, அட்டைக்குக் காலில் உப்புத் தடவிக்கொண்டு, தினமும் கால் ஓயும்வரை நடந்தார்கள். சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று இருந்தது. அதன்மேல் ஏறிக் காலையிலும் மாலையிலும் ஞானசிகாமணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, டியூப்பு இறுக்கமாத்தான இருக்கு?”

“இருக்கு.”

“மழ சாரல் அடிக்கலயே?”

“இங்க வெயிலு. போன வை பிள்ளே.”

அக்காள் ஒரு சாயங்காலம் கேட்டாள்: “தோளு போனாப் போகட்டும்னு அத அடிச்சே ஆகணுமாடி? அப்படி என்ன இருக்கு அதுல?”

செண்பகவல்லி விறகுக்கட்டை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “அத அடிக்கும்போது எங்கயும் போகணும்னு தோணலக்கா. மத்த நேரமெல்லாம் எங்கயோ போகணும்னு இருக்கு. எங்கன்னு தெரியல.”

செல்வமணி தன் விறகுக்கட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். கொஞ்சதூரம் போனபின், “வித்துராவுக்கு நானும் வாறேன்” என்றாள்.

ஞானசிகாமணி சொன்ன நாளில் இறங்கி வந்தாள். இந்த முறை அவர் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டே நின்றார், வேலை முடியும்வரை. பெல்ட்டை மெதுவான ஓட்டத்துக்கு மாற்றியிருந்தார். அவள் உளியை வைத்தாள், அழுத்தவில்லை. மரமே வந்து உளியில் உரசிக்கொள்ளட்டும் என்று விட்டாள். கொஞ்சம் கடைவது, நிறுத்துவது, ஒட்டு வாயை விரலால் தடவிப் பார்ப்பது, மறுபடி கடைவது. அவளுக்குள் என்னவோ குதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது முழங்கைக்குக் கீழே இறங்கவில்லை. உருண்டு முடிந்ததும் முனைப்பலகைகளைத் தட்டி எடுத்துவிட்டு, உள்பக்கத்தைக் குழி உளியால் கையாலேயே செதுக்கி மெலிதாக்கினாள். கடைசியில் தூக்கிப் பார்த்தபோது ஒரு கை போதுமாக இருந்தது. ஞானசிகாமணியும் வாங்கித் தூக்கிப் பார்த்தார். உள்ளே முகத்தை விட்டு “ஓ” என்று சன்னமாகக் குரல் கொடுத்தார். குரல் திரும்பி வந்தது. அவர் அதை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

கடைசிப் பயிற்சி நாளில் செண்பகவல்லி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பழைய உடல் ஒன்று, புது உடல் ஒன்று, தோல் வளையம் இரண்டு, புதுக்கயிறு ஒரு சுருள். எல்லாவற்றையும் ஜினியின் முன்னால் மண்ணில் வைத்தாள்.

“தோலு ஒரு செண்டைக்குத்தான் இருக்கு டீச்சர். எதுல கட்டணும்னு நீங்க சொல்லுங்க. பழசுலன்னா இப்பமே கட்டி ரெஷ்மாட்ட குடுத்துருதேன். தாளத்த எடுத்துக்கிடுதேன்.”

அப்படிச் சொல்ல வேண்டும் என்று வரும்போது அவள் நினைக்கவில்லை. ரெஷ்மா நின்றிருந்ததைப் பார்த்ததும்தான் அப்படி வந்தது.

ஜினி முதலில் பழையதைத் தட்டினாள். பிறகு புதியதை. பழையது அடிவயிற்றிலிருந்து பேசியது, புதியது தொண்டையிலிருந்து. மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜினி பழையதைத் தூக்கினாள், வைத்தாள். புதியதைத் தூக்கினாள். அதைக் கீழே வைக்காமல் கொஞ்சநேரம் இடுப்பில் அணைத்தபடி நின்றாள்.

“இதில கட்டு” என்றாள்.

கயிறு கோத்து இழுக்க ஜினிக்குத்தான் சரியாகத் தெரியும். உட்கார்ந்து, காலை உடலில் உதைத்துக்கொண்டு, கயிற்றை முழுக்கையாலும் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஜினி இழுத்தாள். பாதியில் நின்றாள். கையை மாற்றினாள். மறுபடி இடது கையால் இழுக்கப் போனவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். அருகில் குந்தியிருந்த செண்பகவல்லிக்கு அந்த முகச்சுளிப்பு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

“டீச்சருக்குமா?” என்றாள் மெதுவாக.

ஜினி மற்றவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “குறே காலமாயி, ரொம்ப நாள்” என்றாள் குனிந்தபடி. “யாரோடும் பறய வேண்டா. சேச்சி பிடி, இழு.”

செண்பகவல்லி வலது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இலத்தாளத்தை ரெஷ்மா தானாகவே போய் எடுத்துக்கொண்டாள்.

வித்துராவில் பிற்பகலில் ஊர்வலம் தொடங்கியது. செல்வமணி காலை பஸ்ஸிலேயே இறங்கிவந்து கடைத்தெருவில் ஒரு பழக்கடை நிழலில் இடம்பிடித்திருந்தாள். பிச்சைக்கனி லீவு போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். செண்பகவல்லியை ஜினி முன்வரிசையில் நிறுத்தவில்லை; இரண்டாம் வரிசையின் ஓரத்தில் நிறுத்தினாள்.

முதல் அடியிலேயே அவள் செண்டை தனியாகக் கேட்டது. மற்றவை எல்லாம் ஒரே முழக்கமாகப் போக, இது அந்த முழக்கத்தின் மேல் உச்சஸ்தாயியில் ஓடியது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தோள் லேசாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கால் வேண்டிய இடத்துக்குப் போனது, உடம்பு கூடப் போனது. திரும்பினாள், குனிந்தாள், கோலை மேலே வீசிப் பிடித்தாள். சந்தை முக்கு வரும்வரை அவள் எதையும் நினைக்கவில்லை.

அங்கே மழை பிடித்துக்கொண்டது. பொன்முடிப் பக்கத்திலிருந்து இறங்கும் கோடை மழைக்கு முன்னறிவிப்பு இருக்காது. குடை பிடிக்க ஆட்கள் ஓடி வந்தார்கள். தோல் நனைந்தால் எல்லாச் செண்டையும் கம்மிப்போகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கொஞ்சநேரத்தில் தன் செண்டையிலிருந்து வேறொரு சத்தத்தை அவள் கேட்டாள். ஒவ்வொரு அடிக்கும் கூடவே வண்டு ஒன்று ரீங்கரித்தது. இடது விரலைக் கீழே விட்டுத் தடவினாள். விளிம்பில், கயிறு இழுக்கிற இடத்தில், ஓர் ஒட்டு வாய் நகம் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது.

நிறுத்திவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கூரையைப் பிளந்த சட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே எதுவும் சுற்றவில்லை, யார் மேலும் எதுவும் பாயப்போவதில்லை. கெடுவதானால் சத்தம்தான் கெடும். விட்டுப்போன வாயின்மேல் முழங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, தோலின் மறுபக்கமாக அடியை மாற்றினாள். ரீங்காரம் குறைந்தது; போகவில்லை. ஜினி முன்வரிசையிலிருந்து ஒருமுறை திரும்பினாள். செண்பகவல்லி பார்வையை விலக்கவில்லை. அப்படியே கோயில் நடைவரை கொண்டுபோய் முடித்தாள்.

முடிந்ததும் பழக்கடைத் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒதுங்கினார்கள். பிச்சைக்கனி எங்கிருந்தோ எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். செல்வமணி தங்கையின் தலையை முந்தானையால் துவட்டினாள். ஜினி வந்து, செண்டையை வாங்கித் திருப்பி, விட்டிருந்த இடத்தில் நகத்தை நுழைத்துப் பார்த்தாள்.

“சப்தம் சரியல்ல” என்றாள். “பெரிய கோயில் கமிட்டிக்காரு இது கேட்டா வழக்கு உண்டாக்கும், சண்டைக்கு வரும்.”

“தெரியுது டீச்சர்.”

“இது பொளிஞ்ஞு, ஒட்டு விட்டு.”

“விளிம்புல உள்ளே ஒரு வளையம் கடைஞ்சு வச்சு ஒட்டணும். அப்பம் கயிறு இழுத்தாலும் வாய் விடாது. நடந்து வரும்போதே யோசிச்சேன். மரமும் இன்னும் கொஞ்சம் கனமா விடலாம், ரொம்ப மெலிசாக்கிட்டேன். அதான் இப்படிக் கீச்சுன்னு கேக்குது.”

“மழையத்து, பொளிஞ்ஞ செண்டையும் கொண்டு நடக்கும்போ சேச்சி இதா ஆலோசிச்சது?”

“ஆமா.”

ஜினி செண்டையின் பட்டையைத் தன் இடது தோளில் மாட்டிக்கொண்டாள். சும்மா மாட்டிப் பார்ப்பதுபோலத்தான். கையை மேலே தூக்கினாள், இறக்கினாள். பிறகு கழற்றிக் கொடுத்தாள். “வளையம் வெச்சிட்டுக் கொண்டு வா. அடுத்தது செய்யும்போ எனிக்கும் ஒண்ணு.”

அடுத்தது என்று அவள் சொன்னது அந்த வருடம் வரவில்லை. வளையம் வைத்த செண்டை இரண்டு நிகழ்ச்சிக்குத் தாக்குப்பிடித்து மூன்றாவதில் வேறோர் இடத்தில் வாய்விட்டது. செண்பகவல்லி அதைப் பிரித்துப்போட்டுவிட்டு அயினிப் பலா மரத்தில் ஒன்று செய்தாள். அது பாரம் அதிகமாகிவிட்டது. மறுபடி பலாவுக்கே வந்தாள். இதற்கிடையே ஒரு மாதம் கோபித்துக்கொண்டு லேத்துப் பக்கமே போகாமல் உப்புத்தாள் தேய்த்தாள். தோள்வலி குறைந்தது என்றாலும் முழுக்க விடவில்லை. மழைக்காலத்தில் இன்னும் சட்டையின் கையை ஆர்ஷாதான் மாட்டிவிட வேண்டியிருக்கிறது. குழுவில் இப்போது அவள் கடைந்த செண்டைகள் மூன்று உண்டு. ஒன்று அவளிடம், ஒன்று ஜினியிடம், ஒன்று ரெஷ்மாவிடம். பெரிய கோயில்களுக்குப் போகும்போது ஜினி பழையதையே மாட்டிக்கொள்கிறாள். கல்யாணத்துக்கும் கடைத்திறப்புக்கும் புதியதை.

ஒட்டிவைத்த உடலைத் தொடாமல் இருக்க வேண்டிய வாரம் மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் நேமத்திலிருந்து தம்பானூருக்கு நடந்தே போகிறாள். ஓட்டல் வாசலில் அவள் தலை தெரிந்ததும், இன்றைக்குப் பசை காய்கிறது என்று பிச்சைக்கனிக்குத் தெரிந்துவிடும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார். அவள் உட்கார மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.